சைபர் பைட் கோப்பு

அந்த வருடம் மேட்டூரைத் தாமதமாகத்தான் திறந்தார்கள். குறுவை கிடையாது என்று ஆகிவிட்ட பிறகு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சம்பாவை நம்பியிருந்தார்கள். குத்தாலத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில் எங்கள் ஊர். நான் அங்கிருந்து தினமும் பஸ் பிடித்துக் கும்பகோணத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைத்தாலும் உட்காரப் பிடிக்காது. படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பாலத்திலும் கீழே எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் வந்திருக்கிறதா, எவ்வளவு வந்திருக்கிறது, ஈர மணலா காய்ந்த மணலா. வேலைக்குப் போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம். அந்த ஆவணி முழுவதும் எனக்கு ஒரு வேலையிலும் மனம் நிலைக்கவில்லை.

அப்பா பண்ணையாளாக இருந்தவர். செங்கொடிச் சங்கம் வந்த பிறகு எங்கள் தெருவுக்கு மனைப்பட்டா கிடைத்தது. பிறகு அண்ணனுக்குக் குத்தகையாகக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. நிலத்துக்காரர் குடும்பம் கும்பகோணத்தில் இருந்தது. அவர்களுக்குப் பதிலாக ஒரு காரியஸ்தர் வந்து போவார். குத்தகைப் பதிவில் அண்ணன் பெயர் ஏறியதை அந்தக் குடும்பம் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு போகம் தரிசாகக் கிடந்தால்கூட, பயிர் வைக்காதவனுக்குக் குத்தகை எதற்கு என்று கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். இது எங்கள் வீட்டில் சோறு தின்னும்போதும் பேசப்படும், படுக்கும்போதும் பேசப்படும். அரசு விடுதியில் தங்கித் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படித்து முடித்திருந்தேன் நான். சென்னைக்குப் போகாமல் பக்கத்திலேயே வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத்தான் அது இல்லை.

வேலை கொடுத்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தரங்கம்பாடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். வளைகுடாவில் பல வருடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி, ஒரு பாத்திரக்கடை மாடியில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியிருந்தார். ஆற்றுப்பாசனத்தைக் கவனிக்கிற ஓர் அலுவலகத்துக்குச் சோதனைத் திட்டமாக ஒரு ப்ரோகிராம் எழுதிக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. எழுதியவர் எனக்கு முன்னால் இருந்தவர். எழுதி முடித்ததும் அமெரிக்கா போய்விட்டார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. பாதி நாள் பாயின் மாடியிலும் பாதி நாள் அந்த அலுவலகத்திலும் இருப்பேன்.

திட்டத்தைத் தொடங்கி வைத்தது பழைய ஆட்சி. நான் சேர்ந்தபோது ஆட்சி மாறியிருந்தது. வாசலில் இருந்த திறப்புவிழாக் கல்லின் மேல் சாக்குத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஹாலில் தலைவர் படம் மாறியிருந்தது. மெஷின் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அது செய்த வேலை எளிமையானது. மதகுகளில் ஷட்டரை ஏற்றி இறக்கும் பணியாளர்களை லஸ்கர் என்பார்கள். எந்த ஷட்டர் திறந்திருக்கிறது, எத்தனை அடி தண்ணீர் போகிறது என்று அவர்கள் வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். அலுவலகத்தில் ஆப்பரேட்டர் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வார். ஒரு ப்ரோகிராம் அந்த எண்களை வாங்கி நினைவகத்தில் எழுதும். இன்னொரு ப்ரோகிராம் அதே நினைவகத்தைப் படித்து, இன்ஜினியர் அறையிலும் ஹாலிலும் இருந்த திரைகளில் காட்டும். தலைமடைக்காரர்களும் கடைமடைக்காரர்களும் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் எந்த வாய்க்காலில் என்ன போகிறது என்பதை யாரும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம்.

இரண்டு ப்ரோகிராம்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வது கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம். கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும், இயங்குதளத்தின் மையமான கர்னல் தனியாக இடம் ஒதுக்கித் தருகிறது. ஒன்று இன்னொன்றின் இடத்தைத் தொட முடியாது. தொட முயன்றால் கர்னல் அதை அங்கேயே நிறுத்திவிடும். ஆனால் பொதுவாக ஓர் இடம் வேண்டும் என்று கர்னலிடம் கேட்கலாம். ஓர் எண்ணைச் சாவியாகச் சொல்லிக் கேட்டால் நினைவகத்தில் ஒரு துண்டைக் கொடுக்கும். அதே சாவியோடு அடுத்து வருகிற ப்ரோகிராமுக்கும் அதே துண்டைக் கொடுக்கும். நகல் எடுத்துத் தருவதில்லை. ஒவ்வொன்றும் தன் இடம் என்று நினைத்துத் தனித்தனி முகவரியில் பார்த்துக்கொண்டிருக்கும். அடியில் இருப்பது ஒன்றேதான். ஒன்று எழுதிய உடனே இன்னொன்றுக்குத் தெரிந்துவிடும். கொடுத்த பிறகு உள்ளே என்ன எழுதுகிறார்கள், யார் முந்துகிறார்கள், எழுதியது பழையதா புதியதா என்பதையெல்லாம் கர்னல் கேட்பதில்லை. எத்தனை பேர் அந்தத் துண்டோடு இணைந்திருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணி வைத்திருக்கும். எழுதின ப்ரோகிராம் செத்துப்போனாலும் துண்டு போகாது. யாராவது அழிக்கச் சொல்லும்வரை, அல்லது மெஷினை நிறுத்தும்வரை, எழுதினது எழுதினபடி இருக்கும்.

இதைப் பாடமாகப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது ஒரு நடவு வயலைத் தொடும் என்று அப்போது தெரியாது.

அண்ணன் நடவுக்கு நாள் குறித்திருந்தான். முந்தின முறைத் தண்ணீரில் சேறு அடித்து வைத்திருந்தான். அடுத்த முறை வந்தால்தான் நட்ட பயிர் நிற்கும். அன்று காலை கடைத்தெரு பூத்திலிருந்து அலுவலகத்துக்கு போன் செய்தான். நான் அப்போது பாயின் மாடியில் இருந்தேன். இன்ஜினியர்தான் எடுத்திருக்கிறார். திரையைப் பார்த்து, "உங்க வாய்க்கால் ஷட்டர் தொறந்துதான் இருக்கு. ரெண்டடி போவுது. மத்தியானத்துக்குள்ள வந்துரும்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் பெண்களை இறக்கி நட ஆரம்பித்துவிட்டான்.

மத்தியானம் தண்ணீர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெயில் சேற்றைப் பிடித்து இழுத்தது. அதற்கடுத்த நாள் காலையில் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேற்கே போனான். தலைப்பு மதகில் ஷட்டர் கீழே இறங்கிக் கிடந்தது. லஸ்கர் மதகு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப இறக்குனீங்க?"

"அது ஆச்சுப்பா, நீ நடவு போடறதுக்கு மொத நாளே இறக்கியாச்சு. மேல கரை ஒடையற மாதிரி இருந்துச்சுன்னு இறக்கச் சொன்னாங்க. வயர்லெஸ்ல அப்பவே சொல்லிட்டேனே."

அண்ணன் நேராக ஊருக்கு வந்து ஆள் சேர்த்தான். எங்கள் வாய்க்காலில் கடைசியில் இருக்கும் ஊர்களிலிருந்து ஐம்பது பேருக்கு மேல் லாரியில் ஏறிக் கும்பகோணம் வந்துவிட்டார்கள். அதில் செங்கொடிக்காரர்களும் உண்டு, ஆளுங்கட்சிக் கரைவேட்டிக்காரர்களும் உண்டு. தண்ணீர் இல்லாவிட்டால் கரை எந்த நிறமாக இருந்தாலும் ஒன்றுதான்.

நான் அலுவலக ஹாலில் இருந்தேன். முன்னால் வந்தது அண்ணன். சட்டை முழுக்க வியர்வை. என்னைப் பார்த்தான். நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றான். எங்கள் வாய்க்காலின் பெயருக்கு நேரே 'திறப்பு' என்று பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டடி.

"பாருங்க" என்றான் எல்லோரையும் பார்த்து. "நான் இப்பத்தான் மதகுல நின்னுட்டு வர்றேன். ஷட்டர் மண்ணுல கெடக்கு. இங்க தண்ணி ஓடுது."

இன்ஜினியர் அறையை விட்டு வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆப்பரேட்டரைக் கூப்பிட்டார். ஓய்வுபெற ஒன்றிரண்டு வருடமே இருந்த மனிதர் அவர். பல வருடம் வயர்லெஸ்ஸில் இருந்துவிட்டுக் கடைசியில் கீபோர்டுக்கு வந்தவர்.

"என்ன சார் போட்டீங்க?"

"மூடல்னுதான் சார் போட்டேன். அன்னைக்கே போட்டேன். வாங்கிக்கிச்சு."

"வாங்கிக்கிச்சுன்னா இது என்ன?"

அவர் திரையைப் பார்த்தார். "நான் போட்டேன் சார்" என்று திரும்பச் சொன்னார்.

கூட்டத்தில் ஒருவர், தலைமடைக்காரன் அவரைக் கவனித்துவிட்டான் என்றார். இன்னொருவர் இன்ஜினியரையும் சேர்த்துச் சொன்னார். யாரோ மறியலுக்கு ஆள் சொல்ல வெளியே போனார்கள். இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார்.

"அவரு உங்க அண்ணனாம்மா?"

"ஆமா சார்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்குக் கேட்டதைவிட மோசமாக இருந்தது. தகராறு கிளப்ப நானே திரையை மாற்றி வைத்திருப்பேன் என்று நினைக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அந்தப் பக்கம் அண்ணன், அலுவலகத்து ஆட்களோடு சேர்ந்து நானும் மறைக்கிறேன் என்பதுபோலப் பார்த்தான். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மெஷின் இருந்த அறைக்குள் போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன்.

இன்ஜினியர் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்தி, "ரீபூட் பண்ணிரும்மா. சரியாயிடும்ல?" என்றார்.

சரியாகிவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் நிறுத்தித் திரும்பக் கிளப்பினால் நினைவகத்தில் இருப்பது மொத்தமும் போய்விடும். என்ன நடந்தது என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. எண் சரியாக வர ஆரம்பிக்கும். ஆப்பரேட்டர் பொய் சொன்னவராகவே மிச்ச காலத்தைக் கழிப்பார்.

"இப்ப வேணாம் சார். பாத்துட்டுச் சொல்றேன்."

"பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? வெளிய பாரு, ரோட்டுல ஒக்காரப் போறாங்க."

"ரீபூட் பண்ணினா என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாம போயிரும் சார்."

அவருக்கு அதுதான் வேண்டியிருந்ததோ என்னவோ. பாய்க்குப் போன் செய்யப் போய்விட்டார். நான் அறைக் கதவைச் சாத்தினேன். தாழ் போட்டேனா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் ஆப்பரேட்டரின் ப்ரோகிராமைப் பார்த்தேன். அது உயிரோடுதான் இருந்தது. அதில் எங்கள் வாய்க்காலைக் கேட்டேன். 'மூடல்' என்றது. அவர் சொன்னது உண்மை. திரை காட்டும் ப்ரோகிராமும் உயிரோடு இருந்தது. அது நினைவகத்தில் இருப்பதைத்தான் காட்டுகிறது. ஒரே இடத்தை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவருக்கு மூடல் தெரிகிறது, இன்னொருவருக்குத் திறப்பு தெரிகிறது. அது நடக்கவே முடியாது. அடியில் இருப்பது ஒன்று என்றால் நடக்கவே முடியாது.

எனக்கு அதைத் தாண்டி யோசிக்க வரவில்லை. வெளியே கோஷம் ஆரம்பித்திருந்தது. அண்ணன் குரல் அதில் தனியாகக் கேட்டது. நகத்தைக் கடித்துக்கொண்டே, கர்னல் என்னென்ன பொது நினைவகத் துண்டுகளை வைத்திருக்கிறது என்று காட்டும் கட்டளையை அடித்தேன். ஒரு வரி வர வேண்டும்.

இரண்டு வரி வந்தது.

ஒரே அளவில் இரண்டு துண்டுகள். இரண்டுக்கும் சாவி வேறு. ஒன்றோடு திரை ப்ரோகிராம் இணைந்திருந்தது. இன்னொன்றோடு ஆப்பரேட்டரின் ப்ரோகிராம் இணைந்திருந்தது. அவர் போட்டதெல்லாம் புதிய துண்டில் போய் விழுந்துகொண்டிருந்தது. திரை பழைய துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் யாரும் எழுதுவதில்லை. எழுதுகிறவர் போய்விட்டார் என்று அதற்குச் சொல்வாரும் இல்லை. கர்னல் கணக்கில் எல்லாமே ஒழுங்காக இருந்தது.

சாவி எப்படி வேறானது என்பதற்கு, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதின ப்ரோகிராமைத் திறந்து படிக்க வேண்டியிருந்தது. அவர் சாவியை ஒரு கோப்பிலிருந்து உண்டாக்கியிருந்தார். அது வழக்கமான முறைதான். கோப்புக்குள் ஒன்றும் இருக்காது, அதன் அளவு சைபர் பைட். அது அங்கே இருந்தால் போதும். ஆனால் சாவி கோப்பின் பெயரிலிருந்து வருவதில்லை; டிஸ்க்கில் அந்தக் கோப்புக்கு இருக்கும் உள் எண்ணிலிருந்து வருகிறது. கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்றை உண்டாக்கினால் பெயர் அதேதான், உள் எண் மாறிவிடும். சாவியும் மாறிவிடும். கோப்பு இல்லையென்றால் தானே உண்டாக்கிக்கொள்ளும்படி வேறு எழுதி வைத்திருந்தார். உதவியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

கோப்பின் தேதியைப் பார்த்தேன். நடவுக்குச் சில நாள் முன்புதான் அது உண்டாகியிருந்தது.

கதவைத் திறந்து ஆப்பரேட்டரை உள்ளே கூப்பிட்டேன்.

"சார், ஏதாச்சும் ஃபைல் அழிச்சீங்களா?"

அவர் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மினிஸ்டர் வர்றாருன்னு ரிப்போர்ட் அடிக்கச் சொன்னாங்கம்மா. டிஸ்க்குல எடம் இல்லைன்னுச்சு. எடம் பண்ணுங்கன்னு சார் சொன்னாரு. உள்ள ஒண்ணுமில்லாத ஃபைலாப் பாத்து எடுத்தேன். சைபர்னு போட்டிருந்துச்சு. யாருக்கும் வேண்டாததுன்னு நெனச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் ஓடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு என் ஸ்க்ரீன் ஒறஞ்சு போச்சு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி என் ப்ரோகிராமை மட்டும் நிறுத்தித் திருப்பிப் போட்டேன்."

அதுதான். அழித்தபோது ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் இரண்டு ப்ரோகிராமும் ஏற்கெனவே பழைய துண்டோடு இணைந்திருந்தன. அவர் தன்னுடையதை மட்டும் திருப்பிக் கிளப்பியபோது அது கோப்பைத் தேடி, இல்லாததால் புதிதாக உண்டாக்கி, புதிய சாவியோடு புதிய துண்டை வாங்கிக்கொண்டது.

"என் வேலை போயிருமாம்மா?" என்றார்.

அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

அதற்குள் பாயும் வந்துவிட்டார், தாசில்தாரும் வந்துவிட்டார். மறியலைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் அறையில் நாற்காலி போதாமல் பாதிப்பேர் நின்றார்கள். நான் பாயைத் தாழ்வாரத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"தங்கச்சி, இதைச் சொன்னா நம்ம ப்ரோகிராம் ஓட்டைன்னு ஆயிரும். கான்ட்ராக்ட் போயிரும்."

"சொல்லலைன்னா ஆப்பரேட்டர் மேல போயிரும் பாய்."

"அவருதானே அழிச்சாரு?"

"சைபர் பைட் ஃபைலை அழிச்சா வாய்க்கால் மூடினது தெரியாம போகும்னு அவருக்கு எப்படித் தெரியும்? நமக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

உள்ளே போனோம்.

தாசில்தார் என்னைப் பேசச் சொன்னார். ஐம்பது விவசாயிகளுக்கு முன்னால் பகிர்வு நினைவகத்தை விளக்க வேண்டும். உதாரணம் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. எல்லா உதாரணமும் பொய்யாகப் பட்டது. உள்ளதை உள்ளபடியே சொன்னேன். ஆப்பரேட்டர் எழுதுகிற இடம் ஒன்று, திரை படிக்கிற இடம் ஒன்று, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியது, இப்போது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மெஷினுக்கு அது தெரியாது. கேட்ட இடத்தைக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அவர் மூடல் என்று போட்டது உண்மை, அதை நான் பார்த்தேன், நீங்களும் வந்து பார்க்கலாம்.

இரண்டு பேரை மெஷின் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒருவன் அண்ணன். பச்சை எழுத்தில் அந்த இரண்டு வரியையும் அவன் குனிந்து பார்த்தான்.

"இதுல எது நெஜம்?"

"கீழ இருக்கறது."

"அப்ப மேல இருக்கறத ஏன் வெச்சிருக்கு?"

"அழிக்கச் சொல்லி யாரும் சொல்லலை. அதோட அந்தத் திரை இன்னும் அதப் புடிச்சுக்கிட்டு இருக்கு."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் இன்ஜினியர் கேட்டார். "சரி, எப்படிப் பிரிஞ்சுது? யாரு என்ன பண்ணாங்க?"

நான் வாயைத் திறக்கும் முன்பே ஆப்பரேட்டர் எழுந்தார். "நான்தான் சார். ஒரு ஃபைலை எடுத்தேன். நீங்க எடம் பண்ணச் சொன்னப்ப."

இன்ஜினியர் முகம் சிவந்தது. தாசில்தார் அவரைப் பார்த்தார், பிறகு ஆப்பரேட்டரைப் பார்த்தார். அப்போது பாய் பேசினார். உட்கார்ந்தபடியே, யாரையும் பார்க்காமல்.

"யாரு வேணாலும் தூக்கிப் போடக்கூடிய ஒரு ஃபைல் மேல எங்க ப்ரோகிராமை நிறுத்தி வெச்சிருக்கக் கூடாதுங்க. பழைய தகவலைப் புதுசு மாதிரி காட்டவும் கூடாது. அது எங்க தப்பு. எழுதிக் கேட்டீங்கன்னா எழுதித் தர்றேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். தாழ்வாரத்தில் பேசின மனிதர்தானா என்று இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. அண்ணன்தான் பேசினான். "சரிங்க. மெஷின் தப்புன்னே வெச்சுக்குவோம். நட்ட பயிரு? அது எந்த இடத்துல இருக்கு?"

அதற்கப்புறம் பேச்சு தண்ணீரைப் பற்றிப் போனது. கரையைப் பலப்படுத்திவிட்டு மறுநாள் காலையே முறை மாற்றி எங்கள் வாய்க்காலுக்கு விடுவது என்று முடிவானது. கூட்டம் கலைந்தது. அண்ணன் வாசலில் எனக்காக நின்றான்.

"நான் ஏன் அந்த போனை நம்புனேன்னு நெனக்கிற? நீ அங்க இருக்கன்னுதான்."

"அண்ணே, அதை எழுதினது நான் இல்லை."

"தெரியும். அதான் சொன்னியே." லாரியில் ஏறிவிட்டான்.

அன்று நான் லாரியிலும் போகவில்லை, வழக்கமான பஸ்ஸிலும் ஏறவில்லை. காவிரிப் பாலம்வரை நடந்தேன், திரும்பினேன், மகாமகக் குளத்தைச் சுற்றினேன். ஒரு கடையில் காப்பி வாங்கி முழுசாகக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். நான் செய்யாத ஒன்று என் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழுவ ஒரு வழியும் தெரியவில்லை.

மறுநாள் பழைய துண்டை அழித்துவிட்டு, சாவியை ஒரு கோப்பையும் நம்பாத நிலையான எண்ணாக மாற்றினேன். ஒவ்வொரு எண்ணோடும் அது கடைசியாக எழுதப்பட்ட நேரத்தையும் நினைவகத்தில் எழுத வைத்தேன். பழசாகிவிட்ட தகவலைத் திரை சாம்பல் நிறத்தில் காட்டும்படி செய்தேன். இன்ஜினியருக்கு அது பிடிக்கவில்லை. "பாதி ஸ்க்ரீன் சாம்பலா இருந்தா ஆபீஸ் தூங்குதுன்னு சொல்லுவாங்கம்மா" என்றார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. ஆப்பரேட்டரைப் பற்றி மேலிடத்துக்கு எதுவும் எழுதவுமில்லை. அவர் ஓய்வுபெறும்வரை அதே நாற்காலியில் இருந்தார். எதையாவது அழிக்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். பிறகு பாயிடம் கேட்பார். பிறகும் அழிக்கமாட்டார்.

தண்ணீர் வந்தபோது பாதிப் பயிர் போய்விட்டிருந்தது. கிழக்குப் பக்கம் பள்ளமானதால் தப்பித்தது. மேற்குப் பாதி வெடித்துக் கிடந்தது. நாற்றங்காலில் மிச்சம் நாற்று இல்லை. இந்த நேரத்தில்தான் காரியஸ்தர் ஒரு காரில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார் என்று அண்ணி சொன்னாள். கூட வந்தவர் வக்கீல் குமாஸ்தா என்று ஊரில் பேச்சு.

அண்ணன் மூன்று ஊர் அலைந்தான். கடைசியில் நாற்று கிடைத்தது தலைமடையில், முந்தின வாரம் யாரைத் திருடன் என்று லாரியில் நின்று கத்தினானோ அவர் வயலில். "மிச்சம் கெடக்கு, எடுத்துக்க. அன்னைக்கு என்னைச் சொன்னியாமே?" என்று கேட்டாராம். "சொன்னேன்" என்றானாம் அண்ணன். அவர் நாற்றை ஏற்ற ஆள் விட்டார். நாற்று முற்றியிருந்தது, பலன் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். நிலத்தில் பச்சை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று நான் லீவு போட்டுவிட்டு வயலில் இறங்கினேன். கல்லூரிக்குப் போனதிலிருந்து நட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் இடுப்பு போய்விட்டது. அண்ணி சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஓட்டம் அந்தச் சேற்றில் கொஞ்சம் நின்றது. காரியஸ்தர் மறுபடி வந்தார். குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நின்றார். நாங்கள் குனிந்தபடியே நட்டுக்கொண்டிருந்தோம். ஒருவேளை எவ்வளவு நட்டிருக்கிறது என்று கணக்கெடுத்தாரோ என்னவோ, முழுக்கச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

கேஸ் போட்டார்கள். நடக்கிறது, இன்றுவரை நடக்கிறது. குத்தகைப் பதிவில் அண்ணன் பெயர்தான் இருக்கிறது. இப்போது அவன் பையன் பயிர் செய்கிறான். திட்டம் அடுத்த வருடம் நின்றுபோனது. வேறு ஆட்களிடம் வேறு திட்டம் போனது. அந்தத் திறப்புவிழாக் கல்லைக் கடைசியில் பெயர்த்தே எடுத்துவிட்டார்களாம். பாய் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். பிறகு ஊருக்கே போய்விட்டார்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்ததை அண்ணனிடம் சொன்னது அந்தப் பயிர் கதிர் பிடிக்கும் சமயத்தில். அவன் மேற்குப் பாதியில் களை எடுத்துக்கொண்டிருந்தான். நான் வரப்பில் நின்றேன்.

"என்ன வேலை?"

"அதே மாதிரிதான். மெஷினுக்கு உள்ள. நெனவகத்தைப் பிரிச்சுக் குடுக்கறது."

"இங்க பாத்த தகராறு போதாதா?"

"எனக்கு அதுதான் வருது அண்ணே."

அவன் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். கோபம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"எப்பப் போவணும்?"

"பொங்கல் கழிச்சு."

"அறுப்பு முடிஞ்சிருக்கும்" என்றான். "அரிசி எடுத்துட்டுப் போ. அங்க நல்ல அரிசி கெடைக்காது."

மறுபடி குனிந்தான். நான் சிறிது நேரம் நின்றேன். பிறகு நிற்க முடியாமல் செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு, இந்தக் கோடியிலிருந்து களை பிடுங்க ஆரம்பித்தேன்.